ஒன்று கீழே, மற்றதெல்லாம் மேலே

தார்ப்பாயை இழுத்ததும்
பதினான்கு மாதத் தூசியும்
சீலனின் உப்புமாவில் விழுந்தது.
மாடிப்படிக்கு அடியில் நின்று சாப்பிடாதே என்று
சொல்லித்தான் இருந்தேன்.

சல்மாபாத். ஜூலை. விடிகாலை ஐந்தேகால்.
சுவருக்கே வியர்த்திருந்தது.
பின்பெட்டிக்குள்
அன்றைக்குக் கொண்டுசேர்க்காத பில் ஒன்று,
எழுத்தெல்லாம் பறந்துபோய் வெள்ளையாக.
யாருடைய பசி அது, நினைவில்லை.
காரின் பக்கக் கண்ணாடி தோளில் தட்டியது,
வானம் சாய்ந்தபடி வந்தது,
அது நினைவிருக்கிறது.

புது பேட்டரி, புது பெட்ரோல்.
மூன்றாம் உதையில் இருமிக்கொண்டு எழுந்தது.
கிளட்சை முழுக்கப் பிடித்தேன்,
விரல்முட்டி வெளுக்கும் வரை.
முதல் கியருக்கு ஒரு மிதி.
நான் பிடித்திருப்பதே தெரியாத மாதிரி
பாய்ந்துபோய்
லாண்டரிக்காரரின் நீல டிரம்மில் முட்டி
அணைந்தது.
சீலன் சிரித்தான்.
லாண்டரிக்காரர் சிரிக்கவில்லை.

ஷஃபிகுலின் கேரேஜ் மூன்று சந்து தள்ளி.
தள்ளிக்கொண்டு போனோம், அதாவது
சீலன் தள்ளினான்,
நான் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி நொண்டினேன்.
ஆயிலை வடித்தான்.
பால் தூக்கலான டீயின் நிறம்.
“தண்ணி குடிச்சிருக்கு” என்றான்,
எங்களைப் போன்றவர்களிடம் பொறுக்கிச் சேர்த்த தமிழில்.
யாரும் ஊற்றவில்லை.
கடல்காற்றே சொட்டுச் சொட்டாக
உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறது.

வலது மூடியைக் கழற்றினால்
ஐந்து பிளேட், இடையிடையே நான்கு எஃகு வட்டம்,
மழைக்காலத்து அப்பளக் கட்டு மாதிரி
ஒன்றையொன்று விடவில்லை.
சுத்தியலை அவன் தொடவில்லை.
பட்டி பார்க்கும் தகட்டை விளிம்பில் கொடுத்து
சுற்றினான், சுற்றினான்,
ஃபோனில் மனைவியோடு பேசிக்கொண்டே சுற்றினான்.
டிக்.
முதலாவது பிரிந்தது.
பிரியாணி வந்த அலுமினியத் தட்டில்
புது ஆயில் ஊற்றி
ராத்திரி முழுக்க ஊறவைத்தோம்.

என் கணுக்காலிலும் ஒரு பிளேட் உண்டு.
ஏழு திருகு.
எக்ஸ்ரேயில் பல் உதிர்ந்த சீப்பு மாதிரி இருக்கும்.
ஷஃபிகுலிடம் அதைச் சொல்லவில்லை.
கம்பெனியிடம்
முழுக்கச் சரியாயிடுச்சு சார்
என்று சொல்லியிருந்தேன்.

மறுநாள் கிளட்ச்
இரண்டே விரலுக்கு இளகிக் கொடுத்தது.
முதல் கியர் பிரச்சினையில்லை.
இரண்டாவதுக்குத் தூக்கினால்
நியூட்ரலில் நின்று அலறுகிறது.
மறுபடியும் தூக்கினேன்.
மறுபடியும் அலறல்.
ஃபோர்க் வளைந்திருக்கும்,
பல் மழுங்கியிருக்கும்,
எஞ்சினை இரண்டாகப் பிளக்க வேண்டியிருக்கும்,
எண்பது தினாராவது ஆகும்,
சீலனின் சீட்டுப் பணத்தில் கைவைக்க வேண்டும்
என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனேன்.

ஷஃபிகுல் குனிந்தான்.
பின்சக்கரத்தை ஒரு கையால் உருட்டி
மறுகையால் லிவரை நெம்பினான்.
இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து.
ஒவ்வொன்றும் டப் டப்பென்று
தன் இடத்தில் போய் விழுந்தது.

பிறகு என் ஷூவைப் பார்த்தான்.
ஷூவுக்குள் தூக்கப் பார்த்து
தூக்காமல் நின்ற கட்டைவிரலை
எப்படிப் பார்த்தானோ.
“கியர்பாக்ஸ் நல்லாருக்கு பாய்.”
அவ்வளவுதான் சொன்னான்.

காயலான் குவியலில் கிளறி
ஒரு சாண் இரும்புப் பட்டை எடுத்தான்.
லிவருக்குப் பின்பக்கமாக நீட்டி
வெல்டிங் வைத்து,
முனையில் யாருடைய வண்டியிலிருந்தோ கழன்ற
ரப்பரை மாட்டினான்.
விரலால் தூக்க வேண்டியதையெல்லாம்
இனி குதிகாலால் மிதிக்கலாம்.
நான்கு தினார் கேட்டான்.
மூன்றுதான் இருந்தது.
லாண்டரிக்காரர் டிரம்முக்கு இரண்டு கேட்கிறார்,
அது தனி.

இப்போது ஈசா டவுன் சிக்னல்.
நியூட்ரல் விளக்கு பச்சையாக எரிகிறது,
சாலை விளக்கு சிவப்பாக.
முதுகுக்குப் பின்னால் யாருடைய சூப்போ
தளும்புகிறது.
சிவப்பு மாறுகிறது.
முன்னால் ஒரு மிதி,
பின்னால் ஒரு மிதி,
இரண்டாவது விழுந்துவிட்டது.

வருட இன்ஸ்பெக்‌ஷனில்
இந்த இரும்பை என்ன சொல்வார்களோ தெரியாது.
இடது ஷூ மட்டும்
குதிகாலில் தேய்ந்துகொண்டு வருகிறது.