ஒரே தகட்டில் இரண்டு

சுவரில் ஒரே தகட்டில் இரண்டு சுவிட்சுகள்.
இடது, விளக்கு.
வலது, தொட்டிக்கடியில் எச்சில் அரைக்கும் இயந்திரம்.
பத்தொன்பது வருடம் என் விரல் தவறியதில்லை.

அந்தச் செவ்வாய் நாலரைக்கே இருட்டிவிட்டது.
துலூத்தில் நவம்பர் அப்படித்தான்:
முதலில் ஏரியை எடுத்துக்கொள்ளும்,
அப்புறம் ஜன்னலை,
அப்புறம் சமையலறைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.
சோல்வெய் விழுந்த கரண்டியைத் தேடிக்கொண்டிருந்தாள்,
மணிக்கட்டு வரை குழிக்குள் விட்டு.
இருட்டில் என்ன செய்கிறாய் என்றபடியே
விளக்கைப் போட்டேன்.

விளக்கு எரியவில்லை.

கையை அவள் வெளியே எடுத்து
ஒரு மூச்சுதான் ஆகியிருந்தது.
உள்ளே கரண்டி மட்டும்.
அந்தச் சத்தம்
இன்னும் என் பல்லில் இருக்கிறது.

"நல்லவேளை, உன் அம்மா கொடுத்த செட்டில் இல்லை அது"
என்று சிரித்தாள்.
உருளைக்கிழங்கு சூப் குடித்தோம்.
அவள் இரண்டு தடவை போட்டுக்கொண்டாள்.
நான் அவள் விரல்களை
எண்ணிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கடையில், ஒரு பலகை முழுக்கப் பொத்தான்கள்.
பித்தளை, துலக்கிய நிக்கல்,
எண்ணெய் தேய்த்த வெண்கலம், மங்கல் கறுப்பு.
"குழாய் என்ன நிறமோ அதையே எடுப்பார்கள்" என்றாள்
பிரிட்டா என்று சட்டையில் எழுதியிருந்த பெண்.
மேடைமேல் மின்சாரமே வராதாம்.
அழுத்தினால் காற்று மட்டும்
மெல்லிய குழாய் வழியாகக் கீழே போய்
பெட்டியிடம் சொல்லுமாம், ஓடு என்று.
ஈரக்கையோடு தொடலாம்.
மேடைக்குச் சமமாகப் படிந்தது ஒன்று,
பாத்திரம் இடித்தாலே முனகும் உயரமானது ஒன்று.
கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாய் அழுத்தினேன்.
பின்னால் வரிசையில் யாரோ இருமினார்கள்.
"விளக்கு மாதிரியே இல்லாதது எது?"
கேலி என்று நினைத்து அவளும் சிரித்தாள்.

படிந்த கறுப்பை வாங்கினேன்.
மேடையில் ஏற்கெனவே ஓர் ஓட்டை உண்டு,
உடைந்துபோன சோப்புக் குப்பிக்கு இட்டது.
அதில் பொருத்தினால் பத்து நிமிட வேலை.
ஆனால் அது வாசல் பக்கம்.
குழிக்குள் கை விட்டிருப்பவளின்
மறுகைக்கு எட்ட வேண்டும்,
வாசலில் வந்து நிற்பவனுக்கு எட்டக்கூடாது.
கிரானைட்டில் புதிதாய்த் துளைத்தேன்,
தண்ணீர் விட்டு விட்டு, முக்கால் மணி நேரம்.
விளிம்பில் அரிசியளவு பெயர்ந்தது.
பெயர்ந்ததைப் பற்றி அவள் பேசவில்லை.
"எல்லாமே வெள்ளி நிறம், இது மட்டும் ஏன் கறுப்பு?"
"கண்ணில் படட்டும்."

சுவரில் வலது சுவிட்சைக் கழற்றி
ஒயர்களைச் சேர்த்து முறுக்கி
அந்த இடத்தை மூடியால் அடைத்தேன்.
இனி அங்கே விளக்கு மட்டும்.
தவற வழியே இல்லை.

என்றாலும்,
இருட்டினதும் வாசலில் நின்று
கையைத் தகட்டருகே நிறுத்தி
முதலில் அவள் பெயரைச் சொல்கிறேன்.
"கை வெளியேதான் இருக்கிறது, வெர்லின்"
என்று பதில் வருகிறது
மாடியிலிருந்து.