கோடிட்ட இடம்

பேரளம் சாலை கொள்முதல் நிலையப் பலகையில்
‘நே டி நெல் கொ முதல்’ என்றுதான் இருக்கிறது.
மிச்ச எழுத்துகளை
போன ஐப்பசி மழை வாங்கிக்கொண்டது,
ஈரப்பதம் பார்க்காமலே.

குறுவை அறுத்து ஒன்பது நாள்.
எங்கள் குவியல் நாற்பத்தொன்று,
இன்று கூப்பிட்டது பதினேழு வரை.

தார்ப்பாய் ஓரம் குப்புறப் படுத்து
வீட்டுப்பாடம் எழுதுகிறாள் செங்கொடி.
அ, ஒரு கோடு, இ, ஒரு கோடு, உ, ஒரு கோடு.

ஆ போட்டாள், சுழி கொஞ்சம் பெரிசு.
ஊ போட்டாள்.
ஔ எப்படி என்று பக்கத்துக் குவியலில் கேட்டாள்.
“அது நான் படிக்கிறப்பவே சும்மாத்தான் கிடந்துச்சு”
என்றாள் தனபாக்கியம், சாக்குத் தைத்தபடி.

ஈ மட்டும் காலி.

“தெரியலையா?”
“தெரியும்.
ஈரத்துக்கு ஈ.
எழுதினா அந்த மாமா மிஷின வச்சுப் பாத்து
இருபத்திரெண்டுன்னு திருப்பி அனுப்பிருவாரு.”

மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது.
நெல்லைக் கிளறிவிட எழுந்து போனேன்.

திரும்பி வந்து பார்த்தால்
அந்தக் கோட்டின் மேல்
ஒரே ஒரு நெல்லை வைத்து
ஊதிக்கொண்டிருக்கிறாள்.