புள்ளி வைத்த ர

கல்மண்டபத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை.
மனு டைப் செய்ய, பக்கத்துக்கு முப்பது ரூபாய்.
ஏலம் முடிந்த கையோடு, கூடையோடு
காசிமேட்டிலிருந்து நேராக வந்தாள் தேசம்மா.
இடது கண் பாதிதான் திறந்தது.

"எழுதிக்கோ. நேத்து நைட்டு
எட்டியப்பன் குட்ச்சிட்டு வந்து
என்னிய அட்ச்சான்."

திரையில் வந்தது:
என் கணவர் எட்டியப்பன் என்பவர்
குடித்துவிட்டு வந்து என்னை அடித்தார்.
பதினோரு வருடப் பழக்கம்,
விரல் என்னைக் கேட்பதில்லை.

படிச்சுக் காட்டு என்றாள். காட்டினேன்.

"அடித்தாரா?
யாரு, எங்க ஊட்டு எட்டியப்பனா?
அவ்ளோ மரியாதியா அட்ச்சிருந்தா
நான் இன்னாத்துக்கு மே இங்க வரேன்?"

பேக்ஸ்பேஸை இரண்டு முறை தட்ட வேண்டும்.
முதலில் புள்ளி போகும்,
அப்புறம்தான் ர.

கணவர் மட்டும் அப்படியே நின்றார்.
கணவன் என்று அடிக்க எனக்கே கூசியது.
மனைவிக்கு இந்தத் தொல்லை இல்லை.
மனைவியார் என்பவர்
மேடையில் உட்காருகிறவர்களின் வீட்டில் மட்டும் இருக்கிறார்.

இதே மெஷினில்தான் கண்ணீர் அஞ்சலியும் போடுகிறேன்.
போன மாதம் அஞ்சலாட்சிக்கு.
நாற்பது வருடம் தெருவே
"ஏ எறா, இங்க வா" என்று கூப்பிட்ட பொம்பளை.
இயற்கை எய்தினார் என்று வந்தது.
அவளுக்குக் கிடைத்த முதல் ர்.
சுவரில் மூன்று நாள் இருந்தது, மழை வரும்வரை.

உள்ளே முதலாளி போனில்:
"கடையில பொண்ணு இருக்குது, குடுத்துட்டுப் போங்க."
இருக்குது.
ஃபேன் இருக்குது, ஸ்டேப்ளர் இருக்குது.

மத்தியானம் தாளோடு திரும்பி வந்தாள்.
ஏட்டையா சொன்னாராம்,
"புருஷன ஒருமையில எழுதுவியா மே?
மாத்தி எடுத்துனு வா."
எட்டியப்பன் அங்கே முன்னாடியே பெஞ்சில்.
டீ வாங்கிக் கொடுத்திருந்தார்களாம்.

(பாருங்கள், ஏட்டுக்கு ர் போட்டுவிட்டேன்.
தேசம்மா முதல் வரியிலிருந்தே ள்.)

"போட்டுத் தொல அவனுக்கு அந்த எழுத்த.
கீய இன்னொரு வரி சேத்துக்கோ.
நானும் அட்ச்சேன்."

கேஸ் நிக்காதுக்கா என்றேன்.

"தோசத் திருப்பியால. போடு மே."

நானும் அடித்தேன்.

ள் இல்லை, ர் இல்லை.
எட்டியப்பன் சொன்னாலும் இப்படித்தான்,
ஏட்டு சொன்னாலும் இப்படித்தான்.

திரும்பப் படிக்கச் சொன்னாள்,
அந்த ஒரு வரியை மட்டும்.