சாலை முகப்பு, பதினாலு மனை

நெல்லிக்குப்பம் சாலையில்
கோண்டூர் தாண்டிக் கொஞ்ச தூரம்.
கெடிலம் கார்டன் சிட்டி.
உள்ளே வீட்டுமனை நூற்றுப் பன்னிரண்டு.
சாலை ஓரத்துப் பதினாலுக்கு மட்டும்
வரைபடத்தில் மஞ்சள்:
கீழே கடை, மேலே குடியிருப்பு,
எதிரே வரப்போகும் பள்ளிக்கூடம்,
சதுர அடி இரண்டாயிரத்து எண்ணூறு.
பேசினால் ஐம்பது குறையும்.

இதையெல்லாம் விற்க
எனக்குக் கொடுத்தது ஒரு குடை,
ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, முப்பது கொடி.
கொடிகளைக் காற்று தின்றது.
சிப்காட் பக்கமிருந்து அது வீசும் நாளில்
வந்தவர்களைக் காருக்குள்ளேயே வைத்து
கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பேசுவேன்.

ஒரு காலை, முதல் மனையில்
கூழ் வண்டி நின்றது. யாரையும் கேட்கவில்லை.
அஞ்சலாட்சி.
சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்தது
எங்கள் எல்லைக்கல்.
விரட்டத்தான் போனேன்.
மோர்மிளகாயைக் கடித்து
ஒரு சொம்பு குடித்துவிட்டுத் திரும்பினேன்.

மில்லில் வரிசை நீண்ட நாட்கள் அவை.
கரும்பு லாரிகள் அவளிடம் நின்றன.
லாரிகளைப் பார்த்து பைக்குகள்,
பைக்குகளைப் பார்த்து
நெய்வேலியில் ஓய்வு பெற்ற ஒருவரின் கார்.
அவர் கூழ் குடித்தார். சுற்றிப் பார்த்தார்.
"வியாபாரம் ஓடும்போலயே இங்க"
என்று தனக்குத்தானே சொன்னார்.
முதல் மனை போயிற்று.

வண்டியை இரண்டுக்குத் தள்ளினாள்.
பல் மருத்துவர் வாங்கினார்.
மூன்றுக்குத் தள்ளினாள். டைல்ஸ் கடைக்காரர்.
ஐந்தில் நான்கு நாள்கூட நிற்கவில்லை,
வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோதே
பூஜை போட ஐயர் வந்துவிட்டார்.

ஏழாவதில் முதலாளி கவனித்தார்.
"பன்னெண்டு மூணு வருஷமாக் கெடக்கு.
அந்தம்மாவ அங்க நிக்கச் சொல்லு.
வாடகை வேணாம்."

பன்னிரண்டு எனக்குத் தெரியும்.
மழைத் தண்ணீர் அங்கேதான் முதலில் வரும்,
கடைசியில் போகும்.
பெண்ணையாறு உடைத்த வருடம்
அந்த எல்லைக்கல்லின் தலைமேல்
தண்ணிப்பாம்பு ஒன்று சுருண்டிருந்தது.
படம் எடுத்தேன்.
பிறகு அழித்தேன்.

போய்ச் சொன்னேன்.
அகப்பையை நிறுத்தாமல் கேட்டாள்:
"ஒரு மனை வித்தா ஒனக்கு எவ்ளோ?"
ஒரு சதவீதம் என்றேன்.
ஒன்றரை.
"நான் வித்த ஆறு மனைக்கு எனக்கு?"
லாரி ஒன்று ஹாரன் அடித்தது, நல்லவேளை.

"சரி வுடு. வண்டி நிக்கிற எடம் எத்தினி அடி?"
டேப்பை எடுத்தேன். ஆறுக்கு நாலு.
இருபத்து நாலு சதுர அடி,
அறுபத்தேழாயிரத்து இருநூறு ரூபாய்,
பத்திரச் செலவு தனி.
கொஞ்ச நேரம் உதடு அசைந்தது.
"மூவாயிரத்து முந்நூத்தி அறுவது சொம்பு.
ரெண்டு கோடை. எழுதிக் குடு."
அறுநூறு அடிக்குக் குறைந்து
மனை இல்லை என்றேன்.
"மீதி அஞ்ஞூத்தி எழுவத்தாற
நீயே வித்துக்கயேன்."
சிரிக்கவில்லை. நானும்.

மறுநாள் பன்னிரண்டில் அவள் இல்லை.
ஏழிலும் இல்லை.
குடையைத் தூக்கிக்கொண்டு தேடினேன்.
வரைபடத்தில் பச்சையாக ஒரு துண்டு உண்டு,
பூங்காவுக்கென்று பஞ்சாயத்துக்கு
நாங்கள் எழுதிக் கொடுத்தது.
பூங்கா வரவில்லை. கருவேலந்தான்.
அதன் நடுவே அரிவாளால் சரியாக
ஆறுக்கு நாலு வெட்டி நின்றிருந்தது வண்டி.
"இத யாருக்கும் விக்க முடியாதாமே.
தலையாரி சொன்னாரு."

லாரிகள் அங்கே போய் நிற்கின்றன.
மோர்மிளகாய் வாசம் மட்டும்
பன்னிரண்டு வரைக்கும் வருகிறது.

இன்று காலை முதலாளியின் போன்:
"பூங்காவ ஒட்டுன மனைக்கு என்ன ரேட் சொல்ற?"
ஐம்பது கூட்டிச் சொன்னேன்.