மறுகோடியிலிருந்து

மூங்கில் பற்றைக்கும் பொதுக் கழிப்பறைக்கும் நடுவே
கான் ஓடுகிறது.
டொபித் தாள், யோகட் கோப்பை, கருத்த இலை,
அதற்கடியில் இன்னும் கருத்த சேறு.
ஆறுமணிக் குருவிக்கு
இதுதான் நுவரெலியா.

ஐப்பசி மழையோடு வந்துவிடும்.
இந்த வருஷம் ஒன்று வங்கிக் கண்ணாடியில் மோதிப்
படியில் கிடந்தது.
அந்தோனியம்மா கையில் எடுத்தாள்.
பச்சை முதுகு, தோளில் ஒரு துண்டு நீலம்,
வால் என்று சொல்ல ஒரு விரற்கடை,
அடிவயிறு சிவப்பு.
"ரத்தம் கசியுதடி" என்றாள்.
கசியவில்லை, அதன் நிறமே அதுதான்.
கால்மணி நேரம் அவள் கைச்சூட்டில் இருந்துவிட்டு
எச்சம் போட்டுப் பறந்தது.

பாட்டென்று அதனிடம் இரண்டே சுரம்.
விடியலில் நான் தும்புத்தடி எடுக்கையில் ஒருதரம்,
அந்தியில் கையெழுத்து வைக்கையில் ஒருதரம்.
மற்ற நேரமெல்லாம் வாய்க்கு வேலை.

தத்தும். நிற்கும். தலையைச் சாய்க்கும்,
பக்கத்து லயத்துச் சண்டையை ஒட்டுக்கேட்பதுபோல.
அலகால் ஓர் இலையைப் புரட்டி எறியும்.
இன்னொன்று.
இன்னொன்று.
மண்புழு அகப்பட்டால்
புழு நீளும், குருவி பின்னால் சாயும்,
ஓய்ந்து விடுவது யாரென்று
எனக்கும் வேலை ஓடாது.
வண்டு, எறும்பு, குப்பைத்தொட்டிப் பக்கத்து நெளிவன
எதற்கும் அது முகம் சுளித்துப் பார்த்ததில்லை.

மெதுவாகத்தான் புரிந்தது:
நான் சுத்தமாய் வாரிய நாளெல்லாம்
அதற்குப் பட்டினி.

மூங்கிலடியில் நாலு முழம்
வாராமல் விட்டேன்.
ஓவர்சியர் விக்கிரமரத்ன சப்பாத்து முனையால் காட்டினார்.
"இது என்ன?"
"இலை, சேர்."
"இலை என்று தெரியுது."
அதற்குமேல் சொல்ல எனக்கு வரவில்லை.
கொழும்பிலிருந்து வந்த கெமராக்காரர் மூன்று பேர்
அந்த நாலு முழத்துக்கு முன்னால்
வயிறு நனையப் படுத்துக்கிடந்தார்கள்.
அவர்களின் கால்களைத் தாண்டிப் போனார்,
புத்தகத்தில் ஒன்றும் எழுதவில்லை.

இப்போது பங்குனிக் கடைசி.
சீசன் வருகிறது, பூக்கண்காட்சி, குதிரை ஓட்டம்.
ஓர் இலை கிடக்கக் கூடாதென்று உத்தரவு.
நேற்று விடியலில் அந்த இரண்டு சுரம் இல்லை.
இன்றும் இல்லை.

தடியோடு போய் நின்றேன்.
மேலிலை முறுகக் காய்ந்திருந்தது.
குனிந்து ஒன்றைப் புரட்டினேன்.
அடியில் ஈரம்,
வெளிச்சம் பட்டுச் சுருண்டது ஒரு புழு.
இலையை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு
வாரத் தொடங்கினேன்,
மறுகோடியிலிருந்து.