கூட

இரவு பதினொன்றரை.
மெஹருன்னிசா அனுப்பிய செய்தியில்
‘கூடினர்’ நான்கு முறை.

முதலாவதைத் ‘திரண்டனர்’ ஆக்கினேன்.
நாற்பது பேர் திரள்வார்களா?
பழையபடி மாற்றினேன்.
‘குழுமினர்’
யார் பேசுகிறார்கள் அப்படி?

தீபாவளிக்கு முந்திய இரவு தேக்காவில்
மக்கள் வெள்ளம் என்போம்.
அமைச்சர் வந்த இடத்தில் குடியிருப்பாளர்கள்
திரளாகக் கலந்துகொள்வார்கள்.
ஞாயிறு மாலை ரேஸ் கோர்ஸ் சாலைப் புல்வெளியில்
ஊழியர்கள் பொட்டலம் பிரித்து உட்கார்ந்தால் மட்டும்
வெறும் கூட்டம்.

கிருமிக் காலத்தில்
‘ஐவருக்கு மேல் கூடக் கூடாது’ என்று
தலைப்பு வைத்தவன் நான்தான்.
ஒரு சொல் தன்னையே மறித்து நின்றதை
அச்சுக்குப் போன பிறகே பார்த்தேன்.

இன்றைய செய்தி துவாசிலிருந்து.
சாரம் சரிந்து இறந்த குணாளனின் உடல்
விமானம் ஏறுமுன்
தங்குவிடுதி வாசலில் கூடினர்,
வேலைக் காலணிகளோடு.
இரவு வேலைக்கு லாரி வந்ததும் கலைந்தனர்.

இரண்டை வெட்டினேன், இடமில்லை.
கடைசி வரியில் ஒருவர் சொல்கிறார்:
“கடைசி வரைக்கும் அவன்கூட இருந்தோம்.”

‘அவனுடன்’ என்று திருத்த வேண்டும்,
எங்கள் நடைக் கையேட்டின்படி.

பக்கத்தை அனுப்பிவிட்டேன்
அப்படியே.