திங்கள், ஐந்து மணி

வகுப்பு எடுக்கும் அறையில்தான் நான் தூங்குவதும்.
திங்கட்கிழமை மெத்தையைத் தூக்கிச் சுவரில் சாய்த்துவைப்பேன்,
சத்தத்தில் பாதியையாவது அது குடிக்கட்டும் என்று.
ஜன்னலுக்கு வெளியே சவீன்யா ஆறு
செல்யே நகரத்துக்கும் தனக்கும்
சம்பந்தமில்லாததுபோல் ஓடுகிறது.

ஐந்து மணிக்கு டிங்காரா. வயது பதினொன்று.
ஆல்ட்டோ சாக்ஸபோனை மாட்டிக்கொண்டால்
யார் யாரைச் சுமக்கிறார்கள் என்று தெரியாது.
இந்த வாரமும் ரீடை வீட்டிலேயே விட்டுவிட்டாள்.
என் டப்பாவிலிருந்து ஒன்று கொடுத்தேன்.
நாக்கில் வைத்து நனைக்கிறாள்,
டாக்டர் தொண்டை பார்க்கும்போது வைத்துக்கொள்ளும் முகத்தோடு.

ஆறு மணிக்குத்தான் பொகொமிர்.
கண்ணாடி ஊதும் பட்டறையில் முப்பது வருடம்.
ஊதத் தெரிந்தவருக்குச் சொல்லித்தருவது எளிது என்று
நானும் நினைத்திருந்தேன், முதல் நாள்வரை.
கன்னம் இரண்டும் பூசணியாக உப்பும்.
“கன்னம் வேண்டாம், வயிற்றிலிருந்து” என்பேன்.
“வயிற்றுக்கு ஒன்றும் குறைவில்லை” என்பார்.
கிளாரினெட் கீச்சென்று அலறும்.
கீழ்வீட்டு ஷ்டெஃப்கா துடைப்பக் கட்டையால்
தன் கூரையை, அதாவது என் தரையை,
இரண்டு இடி இடிப்பாள்.
“முன்னேற்றம் தெரிகிறது” என்பேன்.
பதினெட்டு யூரோவில் அந்தப் பொய்யும் அடக்கம்.

நேற்று ஞாயிறு.
நாடே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளியது.
பட்டறைக்கு இந்த வாரம் விடுமுறை;
பொகொமிருக்கு யாரும் சொல்லவில்லை.
ஐந்தேகாலுக்குக் கதவைத் தட்டுகிறார்,
பெட்டியும் மழையுமாக,
முக்கால் மணி நேரம் முன்னதாக வந்துவிட்டது தெரியாமல்,
தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டபடி.
நடையில் செருப்பு அலமாரிமேல் உட்காரவைத்தேன்.
அது ஒருமுறை முனகிவிட்டுப் பொறுத்துக்கொண்டது.

அடுத்தவர் காது இருந்தால் டிங்காராவுக்கு ஊத வராது.
அதுவும் அந்த இடம்:
ஒற்றை விரலில் நிற்கும் சி-யிலிருந்து டி-க்கு,
எல்லா விரலும் ஒரே நொடியில் இறங்கவேண்டும்.
ஒரு தடவை வழுக்கினாள். ஏழு தடவை.
எட்டாவதில் நடையிலிருந்து ஒரு குரல்:
“எனக்கும் இப்படி ஒரு பள்ளம் இருக்கிறது.
ஏ-க்கும் பி-க்கும் நடுவில்.
ஐந்து மாதமாக விழுந்துகொண்டிருக்கிறேன்.”

அவள் சாக்ஸபோனோடு வாசற்படிக்கே போய்
அவர் கையிலிருந்த தீத்தழும்புகளைப் பார்த்தாள்.
“ஜி தெரியுமா?”
“அது ஒன்றுதான் தெரியும்.”

ஊதினார்கள்.
வந்தது ஒரு ஜி அல்ல, வெவ்வேறு இரண்டு.
“தப்பு” என்றாள்.
“நீதான்” என்றார்.
பிறகு, சம்பளம் வாங்குகிறவளை இருவரும் பார்த்தார்கள்.

ரெண்டும் சரிதான் என்றேன்.
காகிதத்தில் எழுத்து ஒன்று,
அவரவர் குழல் அதை அவரவர் உயரத்தில் சொல்லும்.
“அப்படியானால் அந்த எழுத்து எதற்கு?”
“விரலுக்கு” என்றேன். காதுக்கு அல்ல, விரலுக்கு.
எனக்கே பிடித்துப்போன பதில்.

பொகொமிர் கிளாரினெட்டை மூக்குக்கு நேரே பிடித்து
வெகுநேரம் யோசித்தார்.
“என் ஜி-க்கு விரலே வேண்டாமே.
எல்லாத் துளையும் திறந்துதானே கிடக்கிறது?”

நான் ரீட் டப்பாவை ஒழுங்குபடுத்தினேன்.

அவர்கள் மறுபடி ஊதினார்கள், என்னைக் கேட்காமல்.
இரண்டு சுரத்துக்கும் நடுவே
ஒரு நாற்காலி போடலாம்போல இடம்.
அவர் கன்னம் உப்பியிருந்தது; நான் ஒன்றும் சொல்லவில்லை.
ஷ்டெஃப்கா இடித்தாள்.
“இவர் தாளம் தப்பு” என்று டிங்காரா
வாயை எடுக்காமலே சொல்லப் பார்த்து
எச்சில் தெறிக்கச் சிரித்தாள்.

ஆறு மணிக்கு அவருடைய வகுப்பு.
அதே பள்ளம், அதே விழுகை.
போகும்போது துணியைக் குழலுக்குள் விட்டு இழுத்தபடி
குரலைத் தாழ்த்திக் கேட்டார்:
“அந்தப் பெண் அடுத்த திங்களும்
தப்பாகத்தான் ஊதுவாளா?”